கரைச் சிப்பியா, சுண்ணக்கல்லா, தரவுத்தளமா? திருகோணமலை மாணவர் குழுவுக்கு எந்தத் தொல்லுயிர்ச் செயற்றிட்டம் பொருந்தும்

உயர்தர உயிரியலில் கூர்ப்புப் பாடம் முடிந்த கையோடு விஞ்ஞானக் கழகங்களில் ஒரு யோசனை வரும்: உயிர்ச்சுவடுகளை வைத்து ஒரு குழுச் செயற்றிட்டம் செய்தால் என்ன? யோசனை நல்லதுதான். ஆனால் திருகோணமலையில் இருந்துகொண்டு எதை எடுப்பது என்ற இடத்தில் ஆசிரியர்களும் மாணவர்களும் தடுமாறிப்போகிறார்கள். கரையில் சிப்பி பொறுக்குவதா, யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லைப் பார்க்கப் போவதா, கொழும்பு அருங்காட்சியகத்துக்கு ரயில் ஏறுவதா, இல்லை கணினியைத் திறந்து தரவுத்தளத்தோடு உட்காருவதா? டி.என்.ஏ பக்கம் போகலாம் என்று சொல்பவர்களும் உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். கோணேசர் மலையிலும் சுற்றியுள்ள குன்றுகளிலும் உயிர்ச்சுவடு தேடிப் பயனில்லை. இங்குள்ள அடிப்பாறை கேம்பிரியன் காலத்துக்கு முந்தியது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், புவியோட்டின் ஆழத்தில் 700 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் கிடந்து உருமாறியது. முன்பு ஏதும் தடம் இருந்திருந்தாலும் அந்தச் சூட்டில் மிஞ்சியிராது. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் இப்படிப்பட்ட உருமாறிய பாறையின் மேல்தான் இருக்கிறது. மிச்சப் பங்கில்தான் புத்தளம் மாவட்டத்தின் தப்போவ, ஆண்டிகம யுராசிக் தாவரச் சுவடுகளும், புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை நீளும் மயோசின் சுண்ணக்கல்லும் வருகின்றன. அதனால் திருகோணமலைக் குழு எதைத் தேர்ந்தாலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதைப் பார்ப்போம்.

எதை வைத்து எடைபோடுவது

கால ஆழம் முதலாவது. பேரளவுக் கூர்ப்பு என்றால் முழுக் குழுக்கள் எழுவதும் பரவுவதும் அழிவதும். இலட்சம் ஆண்டுச் சான்றில் அதில் கொஞ்சம்தான் தெரியும். கோடி ஆண்டுச் சான்றில் நிறையத் தெரியும்.

இரண்டாவது எண்ணிக்கை. பல்வகைமை பற்றிப் பேசவேண்டுமென்றால் எண்ண வேண்டும், நூற்றுக்கணக்கில் எண்ண வேண்டும். அழகான ஒற்றை மாதிரி கண்காட்சி மேசைக்கு நல்லது, கேள்விக்கு உதவாது.

மூன்றாவதை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன்: என்ன காணாமல் போயிருக்கிறது என்பது மாணவருக்குத் தெரிய வருமா? உயிர்ச்சுவடுப் பதிவு ஓட்டைகள் நிறைந்தது. உடல் மென்மையான உயிர்கள் பெரும்பாலும் பதியாமலே போகின்றன. ஓட்டை இருப்பது குறையல்ல. அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் முடிவு சொல்வதுதான் தவறு.

அப்புறம் செலவு. பஸ் கட்டணத்தோடு முடியாது, இனங்காணச் செலவாகும் மாலைப் பொழுதுகளும் செலவுதான். கடைசியாக அனுமதி. எடுக்கக்கூடாத இடத்தில் எடுத்த மாதிரியை வைத்து எந்தப் பாடசாலையும் பெருமைப்பட முடியாது.

கரைச் சிப்பி

"இது உயிர்ச்சுவடே இல்லையே" என்று உடனே ஒரு மறுப்பு வரும். உண்மைதான். ஆனால் உயிர்ச்சுவடு ஆகிற வழியில் இருக்கிற பொருள் இது. கரையில் அள்ளும் ஒரு கைப்பிடி ஓட்டில் போன கிழமை செத்த மட்டியும் இருக்கும், நூற்றாண்டுகள் பழைய ஓடும் இருக்கலாம். பாறையில் உள்ள படிவும் இப்படித்தான், பல தலைமுறைகளை ஒன்றாகக் கலந்து வைத்திருக்கிறது. உயிரோடு இருக்கும் கூட்டத்தையும் செத்த ஓடுகளின் கூட்டத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் ஆய்வு ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் கிட்வெல் 2001ல் காட்டியது: எந்த இனம் அதிகம், எந்த இனம் அரிது என்ற வரிசையைச் செத்த ஓடுகள் வியக்கத்தக்க அளவு சரியாகக் காட்டுகின்றன. 2007ல் அவர் மறுபக்கத்தையும் காட்டினார். கழிவுச் சத்துக்கள் சேர்ந்த கடலிலும் இழுவைமடியால் அடித்தளம் கலைந்த கடலிலும் உயிருள்ளதும் செத்ததும் ஒத்துப்போவதில்லை. அப்படியானால், ஒத்துப்போகாத கரை மனிதத் தலையீட்டின் அடையாளமாகவும் இருக்கலாம். பாடசாலைக் குழு ஒன்று கேட்கக்கூடிய கேள்வி இது. விடை காணவும் முடியும்.

வாடைக் கடல் அடங்கிய பிறகு தொடங்குங்கள். ஒரு மீற்றர் சதுரச் சட்டம், ஒரே அளவுக் கண்ணுள்ள அரிதட்டு, பொலித்தீன் பைகள், பென்சில். இவ்வளவும் போதும். இருவோட்டு உயிரிகளை எண்ணும்போது இடது ஓடும் வலது ஓடும் தனித்தனியாகக் கிடக்கும், இரண்டையும் இரண்டு உயிராக எண்ணிவிடக்கூடாது.

உப்புவெளியில் 300 ஓடுகளில் 28 இனம், குச்சவெளியில் 90 ஓடுகளில் 19 இனம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். உப்புவெளி வளமானதா? சொல்ல முடியாது. அதிகம் பொறுக்கினால் அதிக இனம் அகப்படும். உப்புவெளியின் 300ல் இருந்து குலுக்கி 90ஐ எடுத்து, அதில் எத்தனை இனம் என்று பலமுறை எண்ணிப் பார்த்தால்தான் நியாயமான ஒப்பீடு. இந்த ஒரு செய்முறை ஒரு பாட அலகு முழுவதற்கும் சமம். உலகின் 50 கோடி ஆண்டுப் பல்வகைமை வரைபடம் பற்றிய சண்டையெல்லாம் இதே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது. அதைத் தரவுத்தளப் பகுதியில் பார்ப்போம்.

துளை விழுந்த ஓடுகளை விட்டுவிடாதீர்கள். மட்டி ஓட்டில் வட்டமாக ஒரு சிறு துளை இருந்தால், பெரும்பாலும் அது வேட்டையாடும் நத்தையின் வேலை. நேட்டிசிட் வகை நத்தை துளைத்தால் துளையின் விளிம்பு சரிந்து உள்நோக்கிக் குறுகும். முரிசிட் வகை துளைத்தால் சுவர் நேராக இறங்கும். பாதியில் நின்ற துளையும் கிடைக்கும், அங்கே இரை தப்பிவிட்டது. துளையுள்ள ஓடுகளின் பங்கை இனவாரியாக எண்ணினால் யார் யாரைத் தின்றார்கள் என்ற கணக்கு கையில் வரும். மெய்யான உயிர்ச்சுவடுகளிலும் இதே துளைகள் பதிந்திருக்கின்றன. அவற்றையும் ஓடுகளின் வடிவ மாற்றங்களையும் சேர்த்து வைத்துத்தான் கீராட் வெர்மெய் 1977ல் ஒரு பெரிய கருத்தை முன்வைத்தார். டைனோசர்கள் வாழ்ந்த மத்திய உயிரூழியில் ஓடுடைக்கும் நண்டுகளும் மீன்களும் துளைக்கும் நத்தைகளும் பெருகின. அதற்கு எதிராக ஓடுகள் தடித்தன, வாய்கள் குறுகின, பல உயிர்கள் மணலுக்குள் ஆழப் புதைந்து வாழத் தொடங்கின. வெர்மெய் மூன்று வயதிலிருந்தே பார்வையற்றவர். ஓடுகளை விரலால் தடவித்தான் இவ்வளவையும் கண்டுபிடித்தார். வகுப்பில் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. ஹோட்டல்கள் கரையைக் கூட்டுகின்றன. உல்லாசப் பயணிகள் அழகான சோழியைப் பொறுக்கிப் போய்விடுகிறார்கள். வாடிகளுக்குப் பக்கத்தில் மீனவர் வலையிலிருந்து உதறிய ஓடுகள் சேர்ந்திருக்கும். கொட்டியாரக்குடாவில் மகாவலி கொண்டுவரும் நன்னீர் ஓடுகளும் கலக்கும். இவை எல்லாமே கணக்கைச் சாய்க்கும். ஆனால் சாய்வைக் கண்ணால் பார்க்க முடிகிறது, அதுதான் இந்தத் தெரிவின் பெரிய பலம். புறாத் தீவு தேசியப் பூங்கா, அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது. துறவி நண்டு குடியிருக்கும் சங்கை எங்கிருந்தும் எடுக்க வேண்டாம்.

கால ஆழத்தில் இது தோற்றுப்போகிறது. அதை மறைத்துப் பயனில்லை.

மயோசின் சுண்ணக்கல்

மயோசின் காலம் 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஏறத்தாழ 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அக்காலத்து ஆழமற்ற வெப்பக் கடலில் படிந்ததே யாழ்ப்பாணச் சுண்ணக்கல். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அரைத்த கல்லும் அதுதான். முருகைக்கற்கள், சிப்பி, ஊரி, நுண்ணோக்கியில் தெரியும் போராமினிபெரா எனும் ஒற்றைக்கல உயிர்களின் ஓடுகள் எல்லாம் அதில் உண்டு.

இந்தத் தெரிவின் கவர்ச்சி அது எழுப்பும் கேள்வியில் இருக்கிறது. இன்று கடல்வாழ் பல்வகைமை உச்சத்தில் இருப்பது இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் தீவுக்கூட்டத்தில். எப்போதும் அப்படி இருந்ததில்லை. ரெனெமாவும் கூட்டாளிகளும் 2008ல் வெளியிட்ட ஆய்வின்படி, மயோசினுக்கு வெகுமுந்திய இயோசின் காலத்தில் அந்த உச்சம் தென்மேற்கு ஐரோப்பாவையும் அதை அடுத்த கடல்களையும் சார்ந்திருந்தது, பிறகு அரேபியப் பக்கம் நகர்ந்தது, மயோசினில் கிழக்கே போய்ச் சேர்ந்தது. கண்டத்தட்டுகள் மோதி ஆழமற்ற கடல்கள் ஓரிடத்தில் மூடி இன்னோரிடத்தில் திறந்ததோடு இந்த நகர்வு பொருந்துகிறது. அந்த இடமாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில், அந்தப் பெருங்கடல் வழியில் படிந்த கல் நம் நாட்டிலேயே இருக்கிறது என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்புத் தரும் விஷயம்.

ஆனால் கல் எல்லாவற்றையும் சமமாக வைத்திருப்பதில்லை. முருகைக்கல்லும் பெரும்பாலான சங்கு, ஊரி ஓடுகளும் அரகோனைட் கனிமத்தால் ஆனவை. நிலத்தடி நீரில் அது எளிதில் கரையும், வெறும் அச்சுத்தான் மிஞ்சும். ஒயிஸ்டர் போன்ற சிப்பிகளின் ஓடு கல்சைட், அது நிலைத்து நிற்கும். நம் தம்பலகாமக் குடாவில் ஒளி ஊடுருவும் தட்டைச் சிப்பி ஒன்று உண்டு. பிளக்கூனா என்பது அதன் அறிவியல் பெயர், 19ஆம் நூற்றாண்டில் அதிலிருந்து முத்து எடுத்தார்கள். அதன் ஓடும் கல்சைட்தான். இன்றைய தம்பலகாமம் கல்லாகிப் போனால் அந்தச் சிப்பி நிறையத் தெரியும், பக்கத்தில் வாழ்ந்த ஊரிகள் பல காணாமல் போயிருக்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் மயோசின் கல்லில் எண்ணினால் எண்ணிக்கை ஏமாற்றும்.

செலவும் கூடுதல்தான். வவுனியா வழியாக 200 கிலோமீற்றருக்கு மேல், தங்க இடம், வாகனம், பெற்றோர் சம்மதக் கடிதங்கள். கல் வெட்டிய குழிகளுக்குள் இறங்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். கீரிமலை போன்ற புனித இடங்களில் சுத்தியல் எடுக்கவே கூடாது. யாழ்ப்பாணப் பாடசாலை ஒன்றோடு சேர்ந்து செய்தால் பாதிச் சிக்கல் தீரும். அவர்கள் கிணறு வெட்டி எடுத்த கல்லைப் படம் எடுத்து அளக்கட்டும், நீங்கள் கரைச் சிப்பியை எண்ணுங்கள். அப்படி ஒரு கூட்டு அமைந்தால் இந்தத் தெரிவை நான் தயங்காமல் ஆதரிப்பேன். அமையாவிட்டால் இது சுற்றுலாவாக முடியும் வாய்ப்பு அதிகம்.

அருங்காட்சியகத்து எலும்புகள்

இரத்தினபுரிப் பகுதியில் மாணிக்கக் கல் தோண்டுபவர்கள் இல்லம் எனப்படும் சரளைப் படையில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் பற்களையும் எலும்புகளையும் கண்டெடுத்தார்கள். பி. ஈ. பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து பெயரிட்டார். இவற்றில் ஒன்றுகூட இன்று இலங்கைக் காட்டில் இல்லை. பனியுகங்களில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீற்றர் வரை தாழ்ந்தபோது இந்தியாவோடு நிலத் தொடர்பு இருந்தது, விலங்குகள் நடந்தே வந்தன.

மாணவர் மனதைத் தொடுவதில் இதற்கு ஈடில்லை. ஆனால் எண்ண முடியாது. பெரிய எலும்புதான் தோண்டுபவர் கண்ணில் படும். எலியும் தவளையும் கழுவிய சேற்றோடு போய்விடும். ஒரு நாள் பயணத்துக்கும் அழிந்துபோதல் என்றால் என்ன என்று உணரவும் நல்லது. செயற்றிட்டமாக நிற்காது.

தரவுத்தளம்

உலகெங்கும் வெளியான உயிர்ச்சுவடுப் பதிவுகளைத் திரட்டி, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது பேலியோபயாலஜி டேட்டாபேஸ். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. கால ஆழத்தில் இதை எதுவும் வெல்லாது.

இதன் கதை பழையது. 1860ல் ஜோன் பிலிப்ஸ் பிரித்தானியப் பாறைகளை வைத்து உயிர்ப்பல்வகைமையின் ஏற்ற இறக்கத்தை வரைந்தார். தொல்லுயிரூழி, மத்திய உயிரூழி ஆகிய இரண்டின் முடிவுகளிலும் இரண்டு பெரிய சரிவுகள் அதிலேயே தெரிந்தன. ஒரு நூற்றாண்டு கழித்து ஜாக் செப்கோஸ்கி நூலகத்தில் உட்கார்ந்து கடல்வாழ் குடும்பங்கள் ஒவ்வொன்றும் எப்போது தோன்றி எப்போது மறைந்தன என்று ஆண்டுக்கணக்காகத் தொகுத்தார். அவரும் டேவிட் ரோப்பும் 1982ல் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் ஐந்து பெரும் அழிவுகள் என்ற பேச்சு நிலைபெற்றது. செப்கோஸ்கி கண்ட இன்னொன்று எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. கடல் உயிர்கள் மூன்று பெரும் அணிகளாக ஒன்றன்பின் ஒன்று முன்னுக்கு வந்தன: முதலில் டிரைலோபைட்டுகள் எனும் அழிந்துபோன கணுக்காலிகளின் அணி, பிறகு பிராக்கியோபொட்டுகளும் கடல் அல்லிகளும், கடைசியாக மட்டி, நத்தை, கடல் முள்ளெலி, மீன் ஆகியவற்றின் அணி. நிலாவெளிக் கரையில் நீங்கள் மிதிக்கும் ஓடுகள் மூன்றாம் அணியின் ஓடுகள்.

பிராக்கியோபொட்டுக்கும் மட்டிக்கும் இரண்டு ஓடுகள்தான், வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். மட்டி கெட்டிக்காரத்தனத்தால் மெல்ல மெல்ல மற்றதை வென்றது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். கூல்டும் காலவேயும் 1980ல் எண்ணிப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. 25 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பேர்மியன் முடிவு அழிவு பிராக்கியோபொட்டுகளை நொறுக்கியது, மட்டிகளை அவ்வளவாகத் தொடவில்லை. அதற்கு முன்னும் பின்னும் இரண்டும் தத்தம் போக்கிலேயே போயின. பேரளவுக் கூர்ப்பில் ஓர் ஒற்றைப் பேரிடர் கோடிக்கணக்கான ஆண்டுப் போட்டியைவிடப் பெரிதாக அமைய முடியும். பாறைப் பதிவு இல்லாமல் இது நமக்குத் தெரிந்திருக்காது.

சரி, இதைவிட நல்ல தெரிவு ஏது என்று தோன்றும். இங்கேயும் ஓட்டை உண்டு, கண்ணுக்குத்தான் தெரியாது. கடந்த ஆறரைக் கோடி ஆண்டுகளான புத்துயிரூழியில் இனங்கள் கிடுகிடுவென ஏறும் வரைபடத்தை ரோப் 1972லேயே சந்தேகித்தார். புதிய பாறை அதிகம் கிடைக்கிறது, அதனால் அதிகம் அகப்படுகிறது. உப்புவெளி, குச்சவெளிக் கணக்கு நினைவிருக்கிறதல்லவா? 2008ல் ஜோன் அல்ராய் குழு மாதிரி அளவைச் சமப்படுத்திப் பார்த்தபோது அந்த ஏற்றம் வெகுவாக மட்டுப்பட்டது. பேர்மியன் அழிவில் மறைந்த கடல் இனங்கள் 96 சதவீதம் வரை இருக்கலாம் என்று ரோப் 1979ல் கணித்தார், 2016ல் ஸ்டீவன் ஸ்டான்லி ஏறத்தாழ 81 என்றார். அழிவு ஒன்றேதான், எண்ணும் முறை வேறு.

இன்னொரு சாய்வு நம்மை நேரடியாகத் தொடுகிறது. 2022ல் வெளியான ஓர் ஆய்வு, கடந்த முப்பது ஆண்டுகளின் தரவுகளில் 97 சதவீதம் உயர், உயர்நடுத்தர வருமான நாடுகளின் ஆய்வாளர்களிடமிருந்து வந்தவை என்று காட்டியது. உலகப் பல்வகைமை என்று திரையில் தெரிவதில் இலங்கை மாதிரி நாடுகள் வெற்றிடமாகக் கிடக்கின்றன. அங்கே உயிர் இல்லாததால் அல்ல, தேட ஆளும் பணமும் இல்லாததால்.

மறைசெலவு: ஆங்கில முகப்பு, சீரான இணையம், விரிதாளில் பழக்கம். எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து, மாணவர் ஒரு வரைபடத்தை இறக்கி ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவது.

டி.என்.ஏ

வாழும் இனங்களின் மரபணுவை ஒப்பிட்டு வம்ச மரம் வரையலாம். இலங்கை ஈரவலயத்தின் மரத்தவளைகள் எவ்வளவு பல்வகைப்பட்டவை என்பதை இந்த வழி காட்டியது, எலும்பு காட்டவில்லை. ஆனால் அழிந்த கிளைகள் இந்த மரத்தில் வராது. திருகோணமலைக் கடலில் உலாவும் திமிங்கிலங்களின் மரத்தை மட்டும் பார்த்தால், மயோசினில் அவற்றின் வகைகள் இன்றைவிட அதிகம் என்பது தெரியாது, உயிர்ச்சுவடுதான் அதைச் சொல்கிறது. வாழும் இனங்களின் மரம் ஒன்றுக்கே எண்ணற்ற வேறுவேறு தோற்ற, அழிவு வரலாறுகள் பொருந்தும் என்று லூக்காவும் பெனலும் 2020ல் கணிதமாகவே நிறுவினார்கள். பல்கலைக்கழக மாணவருக்கு இது நல்ல துறை. பாடசாலைக் குழுவுக்கு நான் சொல்லமாட்டேன்.

யாருக்கு எது

கைவசம் ஒரு தவணை, இருபது மாணவர், சொற்பப் பணம் என்றால் கரைச் சிப்பி. கேள்வியே இல்லை. இரண்டு தவணை இருந்தால் சிப்பிக்குப் பிறகு தரவுத்தளம், இதே ஒழுங்கில். தானே 300 ஓடு எண்ணிக் குலுக்கிப் பார்த்தவருக்குத்தான் அல்ராயின் வரைபடம் ஏன் செப்கோஸ்கியுடையதிலிருந்து வேறுபடுகிறது என்பது உறைக்கும். முதலில் தரவுத்தளத்தைத் திறந்தவர் அந்தக் கோட்டை அப்படியே நம்பிவிடுவார். ஒழுங்கை மாற்றாதீர்கள் என்று வற்புறுத்தியே சொல்கிறேன்.

கரைக்குக் கூட்டிப்போக முடியாத பாடசாலைகளும் இருக்கின்றன. அவர்கள் மீன் சந்தையில் விற்கும் மட்டியின் வெற்று ஓடுகளையும் மீனவர் தரும் ஓடுகளையும் எண்ணி, பிறகு தரவுத்தளத்துக்குப் போகலாம். துளைக் கணக்கு அதில் சரிவராது, ஏனென்றால் சந்தைக்கு வருவது நத்தையிடம் தப்பியவை மட்டும். எண்ணிக்கைப் பயிற்சிக்குப் போதும். நுண்ணோக்கியும் யாழ்ப்பாணத்தில் ஒரு தோழமைப் பாடசாலையும் உள்ளவர்கள் சுண்ணக்கல்லை எடுக்கலாம்.

எதை எடுத்தாலும் ஒவ்வொரு பையிலும் கரையின் பெயர், திகதி, சட்டம் வைத்த இடம் அலைக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம், அரிதட்டின் கண் அளவு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிப் போடுங்கள். மை நனைந்தால் அழியும். இந்த நான்கும் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுக் குழு உங்கள் எண்ணிக்கையோடு தன் எண்ணிக்கையை ஒப்பிட முடியாது. எண்ணி முடித்த ஓடுகளில் இனத்துக்கு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்த கரையிலேயே கொட்டிவிடுங்கள்.